விளையாட்டுச் சாமானுக்குள் ஒரு வில்லை

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் பற்றி எரிந்தது. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தாக்குதல் வருமென்று தெரிந்து முதல்நாளே துறைமுகத்தை விட்டுக் கரையோரமாகத் தெற்கே போயிருந்தது. போன வழி நம் வெருகல் முகத்துவாரத்துக்கு எதிரேயுள்ள கடல்தான். அன்று முற்பகல் மட்டக்களப்புக்கு அப்பால் அதையும் மூழ்கடித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அதே ஜப்பான் அடுத்த பத்தாண்டுக்குள் உலகச் சந்தைக்கு என்ன அனுப்பியது என்று பார்த்தால் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வரும். தகர ஜீப், பீங்கான் பொம்மை, உள்ளங்கையில் மறைந்துவிடும் கமரா. கமரா என்றால் கோயில் திருவிழாக் கடைகளில் கச்சான் கடைக்குப் பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பெட்டி அல்ல. அதை அமத்தினால் உள்ளே ஒட்டிய படங்கள் மாறும், அவ்வளவுதான். இது உண்மையாகவே படம் எடுக்கும் கருவி. உலோக உடம்பு, கண்ணாடி வில்லை, சுற்றும் பிலிம், அமத்தினால் திறந்து மூடும் ஷட்டர், போதாததற்குச் சின்னத் தோலுறையும் வாரும்.

இதன் தொடக்கம் போருக்கு முந்தியது. 1937இல் மிசுசு என்ற ஜப்பானிய நிறுவனம் மிட்ஜெட் என்ற கமராவை வெளியிட்டது. 17.5 மில்லிமீற்றர் அகலமான பிலிம், பின்னால் காகிதம், ஒரு சுருளில் பத்துப் படம், ஒவ்வொன்றும் 14க்கு 14 மில்லிமீற்றர். சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிமின் அகலத்தில் சரிபாதி அது. ஏறக்குறைய அதே காலத்தில் லத்வியாவின் ரீகா நகரில் வால்டர் சாப் என்பவர் மினொக்ஸைச் செய்துகொண்டிருந்தார். 8க்கு 11 மில்லிமீற்றர் படம் எடுக்கும் அந்தக் கருவி 1938இல் விற்பனைக்கு வந்தது, பிறகு உளவாளிகளின் கமரா என்று பெயர் வாங்கியது. இரண்டும் சிறியவை என்பதைத் தவிர உறவில்லை. மினொக்ஸ் கைக்கடிகாரம் செய்பவரின் நுணுக்கத்தோடு செய்த விலையுயர்ந்த கருவி. மிட்ஜெட்டின் வழிவந்தவை ஏழைகளின் கமரா. எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை, ஏனென்றால் நுணுக்கமே இல்லாமல் படம் எப்படி விழுகிறது என்பதுதான் சுவையான கேள்வி.

போர் முடிந்தபோது ஜப்பானில் மூலப்பொருளும் இல்லை, அந்நியச் செலாவணியும் இல்லை. அமெரிக்கப் படையினர் தின்று எறிந்த தகரப் பேணிகளை வெட்டி விளையாட்டு ஜீப் செய்து 1945 டிசம்பரிலேயே கியோட்டோவில் விற்றார்கள். 1947 ஓகஸ்டில் தனியார் ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்தில் வெளியே போன பொருள்களில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது’ என்ற ஆங்கில முத்திரை இருந்தது. தோற்றவன் தன் தோல்வியை ஒவ்வொரு பொருளின் அடியிலும் எழுதி அனுப்பிய கதை இது. 1949இல் ஒரு டொலருக்கு 360 யென் என்று மாற்று வீதம் நிலைப்படுத்தப்பட்டது. டொலரில் வாங்குபவனுக்கு ஜப்பானியச் சாமான் மலிவாகக் கிடைத்தது.

இந்த முத்திரை மறைந்ததில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய சமாதான மாநாட்டில், அப்போது நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன இலங்கைக்காகப் பேசினார். குண்டுவீச்சில் வந்த சேதம், பெரும்படைகள் இங்கே தங்கியதால் வந்த பாதிப்பு, நேசநாடுகளுக்காக இறப்பர் மரங்களை மிதமிஞ்சிச் சீவியதால் வந்த இழப்பு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, புத்தரின் போதனையை முன்வைத்து, நட்டஈடு கேட்கப் போவதில்லை என்றார். உள்நாட்டு அரசியலில் அவரைப் பற்றி நம் பக்கத்தில் இருக்கும் கணக்கு வேறு. ஆனால் குண்டு விழுந்த துறைமுகம் நம்முடையது என்பதால் அந்த உரை நமக்கும் உரியதே. அங்கே கையெழுத்தான உடன்படிக்கை 1952 ஏப்ரல் 28இல் நடைமுறைக்கு வந்தது, ஆக்கிரமிப்பும் முடிந்தது, முத்திரையும் போயிற்று. இன்று பழம்பொருள் சேர்ப்போர் ஒரு குட்டிக் கமராவின் வயதை இதை வைத்தே மதிப்பிடுகிறார்கள். முத்திரை இருந்தால் அது 1947க்கும் 1952க்கும் இடையில் பிறந்தது.

டோகோடோ என்ற நிறுவனம் ‘ஹிட்’ என்ற பெயரில் ஒன்றைச் செய்தது. அது எவ்வளவு பரவியதென்றால், அதைப்போல வந்த எல்லாவற்றையும் சேர்ப்போர் ‘ஹிட் வகை’ என்றே அழைக்கிறார்கள். கிறிஸ்டார், ஹோமர், கொல்லி, அரோ, பெல் 14 என்று பெயர்ப்பலகை மட்டும் மாறும், உடம்பு கிட்டத்தட்ட ஒன்றே. மறுபக்கம் கற்பனை ஓடியவர்களும் இருந்தார்கள். பெட்டல் என்ற வட்டக் கமரா பெரிய சட்டைப் பொத்தானளவுதான். வட்டமாக வெட்டிய பிலிமில் ஆறு படம் பிடிக்கும். எக்கோ 8 என்பது 1951இல் வந்தது, சிகரெட் பற்றவைக்கும் லைற்றருக்குள் ஒளித்து வைத்த கமரா. 1953இல் வெளியான ‘ரோமன் ஹொலிடே’ படத்தில் இளவரசிக்குத் தெரியாமல் படம் எடுக்க ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வைத்திருப்பது இதைத்தான். மாமியா, மினோல்டா போன்ற பெரிய பெயர்கள் 16 மில்லிமீற்றர் பிலிமில் கொஞ்சம் கனமான, கொஞ்சம் மரியாதையான குட்டிகளைச் செய்தன.

இப்போது கேள்விக்கு வருவோம். ஹிட் வகைக் கமராவில் தூரம் சரிசெய்யும் வளையம் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒளித்துளை மாற்றும் வசதியும் இல்லை. வில்லை பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடித் துண்டு. ஷட்டரும் ஒரே வேகந்தான், அது கமராவைப் பொறுத்து ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு வினாடியிலிருந்து ஐம்பதில் ஒரு வினாடி வரை. இப்படி ஒன்றில் படம் விழவே கூடாது என்றுதான் தோன்றும். விழுகிறது. காரணம் அளவு.

வில்லையிலிருந்து படம் குவியும் இடம்வரையான தூரத்தைக் குவியத்தூரம் என்போம். இந்தக் கமராக்களில் அது ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். ஒளித்துளையின் எண் 11 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வில்லையை எந்தத் தூரத்துக்குப் பொருத்தி வைத்தால் அதன் பாதித் தூரத்திலிருந்து அடிவானம் வரை எல்லாமே கூர்மையாகத் தெரியும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. குவியத்தூரத்தைத் தன்னாலேயே பெருக்கி, ஒளித்துளை எண்ணாலும், நம் கண் புள்ளி என்று ஏற்றுக்கொள்ளும் மங்கலின் அளவாலும் வகுக்க வேண்டும். மங்கலை 0.02 மில்லிமீற்றர் என்று எடுத்தால் விடை சுமார் 1.8 மீற்றர். ஆகவே 1.8 மீற்றருக்கு வில்லையை ஒருமுறை தொழிற்சாலையில் இறுக்கிவிட்டால் 90 சென்றிமீற்றருக்கு அப்பால் நிற்கும் எல்லாமும் தெளிவு. சாதாரண 35 மில்லிமீற்றர் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லைக்கு, அங்கே 0.03 மில்லிமீற்றர் மங்கலை ஏற்றுக்கொண்டு, இதே கணக்கைப் போட்டால் 7.5 மீற்றருக்கு மேல் வரும். அதில் தூரம் பார்த்து வளையத்தைச் சுழற்றாமல் பக்கத்தில் நிற்பவரின் முகத்தை எடுக்க முடியாது. சூத்திரத்தில் குவியத்தூரம் இருமுறை பெருக்கப்படுவதால், கமரா சுருங்கச் சுருங்க இந்தச் சலுகை வேகமாகக் கூடுகிறது. அந்தச் சலுகையைத்தான் குட்டிக் கமரா செய்தவர்கள் பணமாக்கினார்கள்.

வெளிச்சத்தின் கணக்கும் இப்படியே. உச்சி வெயிலில், வேகம் 25 என்று குறிப்பிடப்பட்ட பிலிமுக்கு, துளை எண் 11இல் ஐம்பதில் ஒரு வினாடி சரியான அளவு. அன்றைய பிலிம்கள் அந்த வேகத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஆகவே கிழக்குக் கரையின் வெயில் போன்ற வெயில் அந்தக் கமராவுக்கு உகந்தது. ஆனால் மர நிழலுக்குப் போனால் போயிற்று, வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. முதல் விலை ஒளியின் இயல்பில் இருக்கிறது. சிறிய துளை வழியே போகும் ஒளி விரிந்து, புள்ளியைப் புள்ளியாக விடாமல் சின்ன வட்டமாக்கிவிடும். துளை எண் 11இல் அந்த வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 0.015 மில்லிமீற்றர். 14 மில்லிமீற்றர் அகலப் படத்துக்குள் அப்படி ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான வட்டங்கள்தான் அடங்கும். உலகிலேயே சிறந்த வில்லையைப் பூட்டினாலும் அதற்கு மேல் நுணுக்கம் வராது. ஒற்றைக் கண்ணாடி வில்லை அந்த எல்லையை நெருங்கவும் செய்யாது. நடுவில் ஓரளவு தெளிவு, மூலைகளில் கரைந்துபோன தோற்றம், அவ்வளவுதான்.

அடுத்தது பிலிமின் பரப்பு. 14க்கு 14 என்றால் 196 சதுர மில்லிமீற்றர். 35 மில்லிமீற்றர் கமராவின் படம் 864. நாலில் ஒரு பங்குகூட இல்லை. பெரிதாக்கும்போது வெள்ளி மணிகளும் சேர்ந்து பெரிதாகும், முகத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும். இன்னொன்று எடை. பாரமில்லாத கமரா கைக்கு இதம் என்று நினைப்போம். ஆனால் விரல் அமத்தும் கணத்தில் பாரமான கமரா அசையாது நிற்கும், இது துள்ளும். இருபத்தைந்தில் ஒரு வினாடிக்குள் அந்தத் துள்ளல் படத்தில் பதிந்துவிடும். எஞ்சியிருக்கும் ஹிட் படங்கள் பலவற்றின் மங்கலுக்கு வில்லையை விட அமத்திய விரல்தான் காரணம் என்பது என் சந்தேகம்.

மலிவுச் சாமான் என்ற பெயர் ஜப்பானுக்கு வலித்தது. 1954இல் ஏற்றுமதிக் கமராக்களைப் பரிசோதிக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய யாஷிக்கா, கனொன் கமராக்களின் மேல் முட்டை வடிவில் தங்கநிறச் சின்ன ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது நினைவிருக்கும். பரிசோதனையில் தேறியது என்ற அடையாளம் அது. இலங்கையில் 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு கடைகளுக்கு வந்த ஜப்பானியக் கமராக்களை நாம் தரத்தின் அடையாளமாகவே பார்த்தோம். முப்பது வருடங்களுக்கு முன் அதே நாட்டின் பெயர் மலிவுப் பொம்மைகளின் அடியில் இருந்தது என்று அப்போது யார் நினைத்தார்கள்?

சின்னப் படக் கமரா அதோடு முடியவில்லை. 1972இல் கொடக் 110 என்ற பெட்டிப் பிலிமைக் கொண்டுவந்தது, படம் 13க்கு 17 மில்லிமீற்றர். 1970களின் இறுதியில் பென்டக்ஸ் அந்தக் குட்டிப் பிலிமுக்கே வில்லைகள் கழற்றி மாட்டும் கமராவைச் செய்தது, இன்றும் சேர்ப்போரின் செல்லம் அது. 1986இல் பியூஜி வெளியிட்ட, எடுத்து முடித்ததும் கடையிலேயே கொடுத்துவிடும் கமராவின் முதல் வடிவத்திலும் 110 பிலிம்தான் இருந்தது. தூரம் பார்க்கத் தேவையில்லை, துளை மாற்றத் தேவையில்லை, அமத்தினால் போதும். மிட்ஜெட்டின் கணக்கு அப்படியே திரும்பி வந்தது, இம்முறை பிளாஸ்டிக்கில்.

2000ஆம் ஆண்டு நவம்பரில் ஷார்ப் நிறுவனம் ஜப்பானில் விற்ற கைத்தொலைபேசியின் பின்பக்கத்தில் ஒரு கமரா இருந்தது. மொத்தம் 1,10,000 படப்புள்ளிகள். நல்ல வில்லையும் நல்ல பிலிமும் இருந்தால் ஹிட் கமராவின் சதுரத்தில் அடங்கக்கூடிய நுணுக்கத்தோடு ஒப்பிட்டால் அது எட்டில் ஒரு பங்குதான். கைத்தொலைபேசியின் குவியத்தூரம் சில மில்லிமீற்றர்களே என்பதால் முன்னே நிற்பவரும் பின்னே உள்ள பனையும் ஒரே கூர்மையில் விழுந்தன. பழைய சலுகை இப்போது குறையாகத் தெரியத் தொடங்கியது. பெரிய கமராவில் வருவதுபோலப் பின்னணி மங்கலாக வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். ஆகவே இன்றைய தொலைபேசி முகத்தின் விளிம்பைக் கணித்து, பின்னால் உள்ளதை மென்பொருளால் மங்கலாக்கிக் கொடுக்கிறது. தெளிவுக்காக இவ்வளவு பாடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மங்கலைக் கணினியில் செய்கிறார்கள்.

யாராவது ஒருவரின் பழைய பெட்டியில் இப்படி ஒரு கமரா கிடைத்தால், வெயிலில் நின்று பின்மூடியைத் திறந்துவிட வேண்டாம். உள்ளே காகிதம் சுற்றிய சுருள் இருக்கக்கூடும். கழுவாத பிலிமில் பதிந்த படம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஓரளவு வெளிவருவதுண்டு. இருட்டறையில் எடுத்து, கறுப்பு வெள்ளை பிலிம் கழுவத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். ஆற்றோரக் கிராமங்களின் ஈரத்தில் பூஞ்சணம் முந்தியிருக்கவும் வாய்ப்புண்டு. பிலிம் பூச்சில் இருக்கும் ஜெலற்றின் அதற்கு நல்ல உணவு. புதிதாகப் படமெடுக்க ஆசைப்பட்டால் 17.5 மில்லிமீற்றர் சுருள் கடையில் கிடைக்காது. 35 மில்லிமீற்றரை இரண்டாக வெட்டலாம் என்றால் அதன் ஓரத்துளைகள் படத்துக்குள் வந்துவிடும். ஆர்வலர்கள் 120 என்ற அகலப் பிலிமை வாங்கி, இருட்டில் நீளவாக்கில் கீறி, பழைய காகிதத்திலேயே மறுபடி சுற்றிக்கொள்கிறார்கள். அதற்காக அந்தப் பழைய காகிதத்தையும் குட்டிச் சுருள்கட்டையையும் எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். கமராவை விட அவைதான் இப்போது கிடைப்பதற்கு அரிது.