'சும்மா இரு' என்னும் உபதேசம்

கீழக்கரைக் கடலில் மூழ்கி எடுக்கப்படும் சங்கு, கரை சேர்ந்தவுடனே ஒலிப்பதில்லை. அதனுள் அடைந்துள்ள மணலும் சேறும் பிறவும் நீங்க வேண்டும். உள்ளே தடையற்ற வெளி உண்டான பின்னர், முனையை அறுத்து ஊதும்போதுதான் ஓங்கார ஒலி எழுகின்றது. அவ்வொலியை எவரும் சங்கினுள் கொண்டுபோய் வைக்கவில்லை. அடைத்திருந்தவை அகன்றன, ஒலி பிறந்தது. திருக்கோயிலில் சங்கநாதம் கேட்டுக் கைகூப்பும் அன்பர்கள், தியானத்தின் இலக்கணம் முழுவதும் அச்சங்கினுள் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

உள்ளத்தை அடைத்திருக்கும் எண்ணங்கள் ஒதுங்கி, அங்கே விளங்கும் அமைதியில் நிலைபெறுவதையே ஆன்றோர் மௌனம் என்றனர். 'சும்மா இருத்தல்' என்று எளிய தமிழிலும் வழங்கினர். இந்நிலையைத் தமிழில் விரிவாகப் பாடியவர்களுள் முதன்மையானவர் தாயுமான சுவாமிகள். அவர் இறுதியில் வந்து தங்கிச் சமாதி கொண்ட இடம் இச்சேதுநாட்டின் தலைநகராகிய இராமநாதபுரமே ஆகும்.

தாயுமானவர் பெற்ற உபதேசம்

திருமறைக்காட்டைச் சேர்ந்த கேடிலியப்ப பிள்ளைக்கும் கஜவல்லி அம்மைக்கும் மகனாகத் தோன்றிய இவர், திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் திருவருளால் பிறந்தமையின் அப்பெருமான் பெயரையே பெற்றார். விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706-1732) அரசவையில் உயர்ந்த பணி வகித்தார். கல்வியும் செல்வாக்கும் இருந்தும் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. அக்காலத்தில் திருமூலர் மரபில் வந்த மௌனகுரு சுவாமிகளை மலைக்கோட்டையில் கண்டு அடிபணிந்தார். தம்மை உடனே துறவியாக்கி அழைத்துச் செல்லுமாறு வேண்டினார்.

குருநாதர் அதற்கு இசையவில்லை. இல்லறத்தில் இருந்து கடமைகளை நிறைவேற்றுமாறும், பக்குவம் வாய்த்தபோது தாமே வருவதாகவும் கூறி, 'சும்மா இரு' என்று உபதேசம் செய்தார் என்று சுவாமிகளின் வரலாறு கூறுகின்றது. ஓராண்டில் கற்றுத் தேர்ந்துவிடும் பாடமன்று அது. அரசன் மறைவுக்குப் பின் சுவாமிகள் பதவியைத் துறந்து ஊரை நீங்கினார். தமையனார் சிவசிதம்பரம் பிள்ளையின் விருப்பப்படி மட்டுவார்குழலி அம்மையை மணந்தார். கனகசபாபதி என்னும் மகனைப் பெற்றார். சில காலத்தில் மனைவியார் இறைவனடி சேர்ந்தார். மகனைத் தமையனார் பொறுப்பில் ஒப்படைத்த பின்னரே துறவு கைகூடியது. குருநாதர் சொன்ன இரு சொற்களை வாழ்வாக்குவதற்கு, பதவி, குடும்பம், பிரிவுத் துயர் ஆகிய அனைத்தையும் அவர் கடக்க வேண்டியிருந்தது.

சுவாமிகளின் பாடல்கள் 56 தலைப்புகளில் 1452 ஆகத் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஓதும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மௌனத்தின் பெருமையைப் பாடும் அதே நாவினால், மனம் அடங்க மறுக்கின்றதே, நினைவு ஓய மறுக்கின்றதே என்று இறைவனிடம் பலவிடங்களில் அவர் முறையிடுகின்றார். குருவின் திருவாயால் நேரே உபதேசம் பெற்றவருக்கே அவ்வளவு போராட்டம் இருந்தது. ஆதலின், கண்மூடி அமர்ந்த பத்தாம் நிமிடத்தில் வீட்டுக் கவலையும் கடன் கவலையும் வந்து சூழ்வதைக் கண்டு, "இது நமக்கு வாய்க்காது" என்று எவரும் எழுந்துவிட வேண்டுவதில்லை.

பாழும் வெளியும்

எண்ணமெல்லாம் ஓய்ந்தால் எஞ்சுவது வெறும் பாழ்தானே என்னும் ஐயம் எழுவது இயல்பு. பாழ் வேறு, வெளி வேறு. ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் வீடு பாழ். விருந்தினரை எதிர்நோக்கிப் பெருக்கி மெழுகித் தட்டுமுட்டுப் பொருள்களை அகற்றி வைத்த கூடம் வெளி. இரண்டிலும் பொருள்கள் இல்லை. ஆயினும் இரண்டும் ஒன்றாகமாட்டா. திருமூலர் முதலியோர் 'பாழ்' என்னும் சொல்லை உயர்ந்த பொருளிலும் ஆண்டுள்ளனர். அவர்கள் குறித்ததும் ஒன்றுமில்லாமையை அன்று. சொல்லுக்கும் நினைவுக்கும் எட்டாத நிறைவையே குறித்தனர்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயம் இதய கமலத்தினுள் இருக்கும் நுண்ணிய ஆகாயத்தை நாடி அறியுமாறு பணிக்கின்றது. புறத்தே விரிந்த ஆகாயத்தில் உள்ளவை யாவும் அந்தச் சிறு வெளியிலும் உள்ளன என்பது அதன் கருத்து. தில்லையில் திரை விலக்கிக் காட்டப்பெறும் இரகசியமும் இவ்வுண்மையே. அங்கே உருவம் இல்லை. பொன் வில்வ மாலை தொங்கும் வெளியே இறைவனாக வணங்கப்பெறுகின்றது.

உத்தரகோசமங்கை காட்டும் குறிப்பு

கீழக்கரைக்கு வடக்கே அண்மையில் உள்ளது உத்தரகோசமங்கை. மாணிக்கவாசகப் பெருமான் 'நீத்தல் விண்ணப்பம்' அருளிய திருத்தலம் இது. உமையம்மைக்கு இறைவன் வேதாகமப் பொருளை மறைவாக உபதேசித்த இடம் என்பது தலவரலாறு.

இத்தலத்தில் மரகதத் திருமேனியராக எழுந்தருளியுள்ள நடராசப் பெருமான் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் இருக்கின்றார். மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் காப்பு களையப்பெற்று, அபிடேகமும் மரகத தரிசனமும் நிகழ்கின்றன. பின்னர் மீண்டும் சந்தனம் சாத்தப்பெறுகின்றது. ஒலி அதிர்வையும் தாங்காத மென்மை உடையது மரகதம். ஆதலின் இக்காப்பு என்று வழிவழியாகக் கூறுவர்.

அன்று காணும் மரகதம் அன்று புதிதாகத் தோன்றியது அன்று. சந்தனத்தினுள் அது என்றும் இருந்தது. அவ்வாறே தியானம் இறைவனை உள்ளத்தில் உண்டாக்குவதில்லை. என்றும் உள்ள அவனை மறைப்பவற்றை விலக்குகின்றது. ஒரு நாள் கண்ட காட்சியை நெஞ்சில் வைத்து, எஞ்சிய நாள்களில் காப்பிட்ட திருமேனியை அன்பர்கள் வணங்குகின்றனர். மௌனத்தில் ஒரு கணம் பெற்ற தெளிவும் அன்றாட வாழ்வில் அவ்வாறே துணைநிற்கும்.

மூன்று மயக்கங்கள்

மௌனம் பயில்வோர்க்கு மூன்று மயக்கங்கள் நேர்வதுண்டு.

முதலாவது, வாய் பேசாமையே மௌனம் என்று எண்ணுதல். நா அடங்கியும் நெஞ்சம் ஓயாமல் வாதாடிக்கொண்டிருப்பின் அது மௌனமாகாது. நாவின் அடக்கம் முதற்படி. மன அடக்கமே பயன்.

இரண்டாவது, உறக்கத்தை மௌனம் என்று மயங்குதல். எண்ணம் ஓய்ந்த இடத்தில் அறிவும் மழுங்கினால் அது சோம்பல். யோக நூலோர் இதனை 'லயம்' என்று கூறி விலக்குவர். சும்மா இருத்தல் விழிப்பு நிலை. சங்கு குளிப்பவன் மூச்சடக்கி அலையின் கீழே செல்லும்போது ஆரவாரம் அடங்குகின்றது. அவன் கண்ணோ முன்னினும் கூர்மையாகத் தேடுகின்றது.

மூன்றாவது, கடமையைக் கைவிடுவதே மௌனத்திற்கு வழி என்று கருதுதல். தாயுமானவரை இல்லறத்திற்குத் திருப்பிய குருவின் ஆணையே இதற்கு விடை. அண்மையில் உள்ள திருப்புல்லாணியும் இதனையே உணர்த்துகின்றது. அங்கே இராமபிரான் தருப்பைப் புல்லில் கிடந்து கடலரசனை நோக்கி மூன்று இரவுகள் தவமிருந்ததாக வால்மீகி முனிவர் கூறுகின்றார். அமைதியாகக் காத்திருந்த அப்பெருமானே வேளை வந்தபோது வில்லெடுத்தார்; அணை கட்டுவித்தார்; இலங்கை சென்று தருமத்தை நிலைநாட்டினார். மௌனம் செயலுக்குப் பகையன்று. பதற்றத்தை நீக்கிச் செயலுக்கு வலிமை தருவது அது.

பயிலும் முறை

திருக்கோயிலில் தரிசனம் முடித்தபின் சிறிது நேரம் அமர்ந்து செல்லும் நல்வழக்கம் தமிழகத்தில் உண்டு. உரையாடலில் கழியும் அந்நேரத்தையே மௌனப் பயிற்சிக்கு ஆக்கலாம். சிவாலயங்களில் தென்முகமாக எழுந்தருளியுள்ள தட்சிணாமூர்த்தி சந்நிதி இதற்கு மிகவும் ஏற்றது. சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் ஆகிய நால்வர்க்கும் சொல்லின்றிச் சின்முத்திரையால் உபதேசித்த ஆதிகுரு அவரே ஆவார். இல்லத்தில் வைகறைப் பொழுது சிறந்தது.

முதுகும் கழுத்தும் நேராக இருக்குமாறு அமர்தல் வேண்டும். வழிவழி ஓதிவந்த திருநாமத்தை முதலில் பிறர் கேட்கும் அளவிற்கும், அடுத்து உதடு மட்டும் அசையவும், பின்னர் மனத்தளவிலும் ஓதுக. இவற்றை வாசிகம், உபாம்சு, மானசம் என்பர். மானசத்தில் ஒரு நாமம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பிரணவத்தின் அகர உகர மகரங்களுக்கு அப்பால் ஒலியற்ற நான்காம் நிலையை மாண்டூக்கிய உபநிடதம் காட்டுகின்றது. சாதகன் நாடுவது அதனையே.

எண்ணம் வந்தால் அதனோடு போரிடவும் வேண்டா. அதன் பின்னே செல்லவும் வேண்டா. வந்ததை அறிந்து நாமத்திற்குத் திரும்பினால் போதும். உறக்கம் வந்தால் கண் திறந்து மீண்டும் வாய்விட்டு ஓதுக. நாள்தோறும் பத்து நிமிடம் தவறாது அமர்தல், என்றோ ஒருநாள் நெடுநேரம் அமர்வதினும் பயனுடையது.

பயிற்சி பயன் தருகின்றதா என்பதை ஒளியோ ஒலியோ தோன்றுவது கொண்டு அளக்கலாகாது. கடுஞ்சொல் கேட்டபோது மறுமொழி கூறுமுன் ஒரு கணம் அமைதி வாய்க்கின்றதா, பிறர் துயரைப் பொறுமையோடு கேட்க முடிகின்றதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளோர் அம்மாற்றத்தை முன்னதாகவே அறிவர்.

எல்லைகளைக் கடந்த மௌனம்

தொண்டிக்கு அருகே பிறந்து, கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்ற குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரத்தை விளித்துத் தமிழ்க் கண்ணிகள் பாடினார். தாயுமானவரின் பராபரக்கண்ணியின் சாயலை அவற்றில் அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். பழைய இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்த திருச்சுழியில் 1879இல் பிறந்த பகவான் இரமண மகரிஷி, திருவண்ணாமலையில் மௌனத்தையே தம் தலைசிறந்த உபதேசமாகக் கொண்டார். தாயுமானவர் பாடல்களில் பெரிதும் தோய்ந்தார். மொழி ஓய்ந்த இடத்தில் வேற்றுமையும் ஓய்கின்றது என்பதற்கு இப்பெருமக்களே சான்றாவர்.

தை விசாகத்தில் தாயுமான சுவாமிகளின் குருபூசை நிகழ்கின்றது. சேது யாத்திரை மேற்கொண்டு இராமேசுவரம் செல்லும் அன்பர்கள், வழியில் இராமநாதபுரத்தில் அவர் சமாதித் தலத்தில் சற்றே அமர்ந்து செல்லலாம். அங்கே கேட்டுப் பெற வேண்டுவது பெரிதன்று. அடைத்தவை அகன்ற உள்ளம் ஒன்றே. அவ்வுள்ளத்தில் என்றும் உறையும் எம்பெருமான் அனைவர்க்கும் அமைதியும் நலமும் அருள்வானாக.