எலிக்காய்ச்சலும் டொக்சிசைக்கிளின் கப்சூலும்

போகத்துக்கு வயல் உழப்படும் நாட்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கமக்காரருக்குச் சிறு பொதியொன்றை இலவசமாகக் கொடுப்பதுண்டு. அதிலிருப்பது டொக்சிசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்கொல்லி மருந்தாகும். பசளையையும் பீடைநாசினியையும் பற்றிப் பேசும் இத் துண்டுப் பிரசுரத்தில் இம் மருந்துக்கு என்ன வேலை எனச் சிலர் கேட்கலாம். கமக்காரன் படுக்கையில் விழுந்தால் வயலும் தரிசாகும் என்பதே அதற்கு விடை.

திகனவில் நடைபெற்ற வகுப்பொன்றில் இதுபற்றி விசாரித்தபோது, வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் எழுந்து, “நான் ஒன்றையும் வீணாக்கவில்லை ஐயா. காய்ச்சல் வந்தால் விழுங்கலாம் என்று அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்” என்றார். பலர் தலையசைத்தனர். சிக்கனமுள்ள மனிதரின் பேச்சுத்தான். ஆயினும் உயிருக்கு ஆபத்தான பேச்சு. ஆதலின் இக் கப்சூல் எதற்குரியது, எதற்குரியதன்று என்பதைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, கண்ணுக்குப் புலப்படாத சுருள் வடிவான பற்றீரியா வகையைச் சேர்ந்தது. அது எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீருடன் வெளியேறி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிர்வாழும். மாடு, எருமை, நாய் ஆகியவையும் அதைப் பரப்பக்கூடும். சேற்றில் நெடுநேரம் ஊறிய தோல், வரம்பு வெட்டும்போது காலிற்பட்ட கீறல், முகங்கழுவும்போது கண், வாய் ஆகிய வழிகளால் அது உடலுட் புகும். வயலில் மட்டுமன்றி, ஓடை நீரை இறைத்து மரக்கறிப் பாத்திகளுக்குப் பாய்ச்சுவோருக்கும் இவ்வபாயம் உண்டு. இலங்கையில் 2008ஆம் ஆண்டில் இந்நோய் பெருகியபோது 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டனர். 200 பேர் வரையில் மாண்டனர். கண்டி மாவட்டமும் அவ்வாண்டு பெரிதும் பாதிக்கப்பட்டது.

கிருமி புகுந்தவுடன் காய்ச்சல் காண்பதில்லை. பொதுவாக ஒன்று அல்லது இரண்டு கிழமை செல்லும். அந்த இடைவெளியிலேதான் இக் கப்சூல் பயன்படுகிறது. களை முளைக்குமுன் தெளிக்கும் களைநாசினியை நாம் அறிவோம். களை இடுப்பளவு வளர்ந்தபின் அதைத் தெளித்து என்ன பயன்? அதுபோல, வயலில் இறங்குமுன்னரே தொடங்கி, சேற்றுவேலை முடியும்வரை, கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் கப்சூல்கள் இரண்டு, ஒருசேர உட்கொள்ளப்படும். என்று தொடங்குவது, எத்தனை கிழமை தொடர்வது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினரே தீர்மானிப்பர். கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்நாளில் தவறாது உண்பது நன்று.

பனாமா நாட்டுக் காடுகளில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் போர்வீரர் 940 பேரிடம் இம்முறை பரிசோதிக்கப்பட்டு, முடிவு 1984இல் வெளியிடப்பட்டது. வெற்றுக் குளிசை பெற்றோருள் 20 பேருக்கு நோய் கண்டது. டொக்சிசைக்கிளின் பெற்றோருள் ஒருவருக்கே கண்டது. இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்துவிடலாகாது. வட அந்தமானில் 782 பேரிடம் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கிருமி தொற்றுவது குறையவில்லை. நோயாக வெளிப்படுவதே நூற்றுக்கு ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஆகவே கப்சூல் உண்டவருக்கும் எலிக்காய்ச்சல் வரலாம். “நான்தான் மருந்து குடித்தேனே, இது வெறும் தடிமன் காய்ச்சல்” என்று வீட்டிலிருப்பது பெருந்தவறு.

அலுமாரியில் வைத்த கப்சூலின் தீங்கும் இங்கேதான் உள்ளது. காய்ச்சல் கண்டபின் சிகிச்சைக்கு வேண்டிய அளவு வேறு. வைத்தியர் பொதுவாக நாளுக்கு இருமுறையாக ஏழு நாட்களுக்குக் கொடுப்பர். நோய் கடுமையாயின் பெனிசிலின் போன்ற மருந்தை ஊசி மூலம் நாளத்திலேற்றி, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் கண்காணிக்க வேண்டும். எஞ்சிய இரண்டு கப்சூல்களை விழுங்கிவிட்டு மூன்று நாள் காத்திருப்பவர், சிறுநீர் நின்றபின் வைத்தியசாலைக்குத் தூக்கிவரப்படலாம். அத்துடன் அது டெங்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம். டெங்கு வைரசினால் வருவது. எந்த நுண்ணுயிர்கொல்லியும் அதைத் தொடாது. தடிமனும் அத்தகையதே.

அரை மருந்தால் மற்றுமொரு கேடு உண்டு. கபிலநிறத் தத்திக்கு அளவு குறைத்துப் பீடைநாசினி தெளித்தால், சாகாது தப்பியவை பெருகி, அடுத்த போகத்தில் அதே மருந்துக்கு அசையாதிருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். கிருமிகளும் அவ்வாறே. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே இதனை எச்சரித்தார். கோழித் தீனியில் நினைத்தபடி நுண்ணுயிர்கொல்லி கலப்போரும் இதைக் கவனிக்க.

இம் மருந்துக் குடும்பமே வயல்மண்ணிலிருந்து பிறந்தது என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகப் பரிசோதனை நிலத்து மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, பெஞ்சமின் டகர் என்னும் தாவரவியலாளர் 1940களில் முதல் டெட்ராசைக்கிளின் மருந்தைக் கண்டார். டொக்சிசைக்கிளின் அதன் வழிவந்தது.

உட்கொள்ளும் முறையிலும் கவனம் வேண்டும். உணவுக்குப் பின், ஒரு கிளாசு நிறைந்த நீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காதிருத்தல் வேண்டும். இன்றேல் தொண்டைக் குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பாலுடனோ, இரும்புச்சத்துக் குளிசையுடனோ, வயிற்றெரிவு மருந்துடனோ சேர்த்து உண்ணலாகாது. சிலருக்கு வெயில் பட்ட தோல் சிவந்து எரியும். நீண்ட கைச் சட்டையும் தொப்பியும் அணிக. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள், இவ்வின மருந்து முன்னர் ஒவ்வாதவர் ஆகியோர் இதை உண்ணாது, வேறு வழியைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிய வேண்டும். உங்கள் பங்கை மனைவிக்கோ கூலியாளுக்கோ பகிர்ந்து கொடுக்கவும் வேண்டாம். அவர்களும் வயலில் இறங்குபவராயின் அவர்களுக்கும் தனியே பெறலாம்.

முழங்காற் சப்பாத்து அணியுமாறு சொல்வது எளிது. ஆழச்சேற்றில் அது காலைவிட்டுக் கழன்று நின்றுவிடுவதை நானும் கண்டவன். அணிய இயலாதவிடத்துக் காற்புண்ணை நீர் புகாதவாறு கட்டிக்கொள்வதும், வேலை முடிந்தவுடன் சுத்தமான நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் இயலும். வரம்புப் பற்றைகளை வெட்டி எலி வளைகளை அழித்தல் நெல்லுக்கும் நன்று, உடலுக்கும் நன்று.

திடீர்க் காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்காற் சதையைத் தொடவும் முடியாத வலி, கண் சிவத்தல் ஆகியவை காணின் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். திகனப் பகுதியினருக்குத் தெல்தெனிய ஆதார வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் உள்ளன. போகும்வரை காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், உரிய அளவில் போதும். வேறு வலிநிவாரணி வேண்டாம். வைத்தியர் கேட்குமுன்னரே, “நான் வயலில் இறங்கி வேலை செய்கிறவன், கடைசியாகச் சேற்றில் நின்றது இன்ன நாள், கப்சூல் உண்டது இன்ன நாள்” என்று சொல்லுங்கள். வெறும் கப்சூல் பட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.