யாரிடம் முதலில் சொல்வது? ஹெச்.ஐ.வி பரிசோதனை முடிவும் வீட்டு வாசல் தயக்கமும்

2018 டிசம்பர். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு ஓர் இளைஞரிடமிருந்து தகவல் வந்தது. சில நாள்களுக்கு முன்பு அங்கே ரத்தம் கொடுத்தவர் அவர். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்கு ஹெச்.ஐ.வி இருப்பது தெரிந்ததும், தான் கொடுத்த ரத்தம் யாருக்கும் போய்விடக் கூடாது என்று அவராகவே முன்வந்து சொன்னார். அதற்குள் அந்த ரத்தம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டிருந்தது.

தமிழகமே அதிர்ந்துபோன செய்தி அது. 2016-லேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று இருப்பது தெரிந்திருக்கிறது. அந்தத் தகவல் அவரிடம் மட்டும் போய்ச் சேரவில்லை. அந்தப் பெண்ணுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிகிச்சை தரப்பட்டு, 2019 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் பரிசோதனையில் தெரிந்தது. இதைக் கேட்க அந்த இளைஞர் இல்லை. டிசம்பர் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சில வாரங்களில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். அவரிடம் பேசியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

சாத்தூரும் சிவகாசியும் இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தில்தான் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கின்றன. மதுரை - தென்காசி சாலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஓர் ஊரில் நூற்பாலைகள், இன்னொன்றில் ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும். பெண் கொடுப்பது, எடுப்பது, மில் வேலை, ஆஸ்பத்திரி என்று பஸ் போய் வந்துகொண்டே இருக்கும். இங்கே ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவார். பக்கத்து சீட்டில் மாமியார் வீட்டுச் சொந்தம் உட்கார்ந்திருக்கும்!

வேடிக்கையாகத் தோன்றினாலும், முடிவைக் கையில் வாங்கியவருக்கு மருந்தைவிடப் பெரிய கவலை இதுதான். மனைவியிடம் சொல்வதா? அம்மாவுக்குத் தாங்குமா? தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் விஷயம் வெளியே போனால்?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதால்தான் பாரம் அதிகமாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால், கணவன் அல்லது மனைவியிடம் சொல்வது ஒரு வகை. மற்ற உறவுகளிடம் சொல்வது முற்றிலும் வேறு வகை.

ஹெச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்று உள்ளவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது என்பது அதன் அடிப்படை. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. அம்மா, அப்பா, அண்ணன், தம்பி, மாமனார் என்று யாரிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது முழுக்க அவரவர் விருப்பம்.

வாழ்க்கைத் துணை விஷயத்தில் சட்டம் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. தன் நிலை தெரிந்தவர், துணைக்குத் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறவுக்கு முன்பு உண்மையைச் சொல்வதும் அதில் அடக்கம். எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் அவர் சொல்லவே மாட்டார் என்று தெரிந்து, துணைக்கு ஆபத்தும் இருந்தால், அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். அதிலும் ஒரு விலக்கு உண்டு. சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், அப்படிச் சொல்லக் கூடாது. கர்ப்ப காலப் பரிசோதனையில் மனைவிக்கு முதலில் தெரியவந்து, ‘உன்னால்தான் வந்தது’ என்று பழி அவள் தலையில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விலக்கின் அருமை புரியும். முதலில் பரிசோதனை செய்துகொண்டவர் அவள் என்பதைத் தவிர அந்தக் காகிதம் வேறு எதையும் சொல்வதில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாமக்கல் கௌசல்யாவின் வாழ்க்கையே சாட்சி. 1995-ல் உறவுக்குள்ளேயே திருமணம். கணவருக்குத் தொற்று இருந்தது முன்பே தெரிந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை. சில வாரங்களில் அவருக்கும் வந்துவிட்டது. பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் அவர். 1998-ல் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பையும் தொடங்கினார்.

மாத்திரை மாற்றிய கணக்கு

கௌசல்யாவுக்குத் தெரியவந்தபோது இலவச மருந்து கிடையாது. அரசின் இலவச கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில்தான், தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட சில மருத்துவமனைகளில் தொடங்கியது. இன்று பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குப் பரவாது. சிகிச்சை தொற்றைத் தடுக்கும் என்று 2011-ல் உலகுக்குக் காட்டிய பெரிய ஆய்வில் சென்னையும் ஓர் ஆய்வு மையம். 1,763 தம்பதிகள் பங்கேற்ற அந்த ஆய்வில், மருந்தைச் சீக்கிரமே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவிகிதம் குறைந்தது. துணையிடம் பேச உட்காரும்போது இந்தத் தகவல் கையில் இருப்பது பெரிய பலம்.

அதே மாத்திரை இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. கூட்டுக் குடும்பத்தில், பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து, எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்து விழுங்க வேண்டியிருக்கும். விசேஷ வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் தவறும். தவறத் தவற, அடங்கியிருந்த வைரஸ் மறுபடி தலைதூக்கும். சொல்வதற்கு இருக்கும் உருப்படியான காரணங்களில் ஒன்று இதுதான். வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரிந்தாலும் போதும். ‘மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்க ஆள் இருக்கும்.

அந்த ஒருவர் யார்? அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாசம் அதிகம் உள்ளவரைவிட, வாய் கட்டுப்பாடு உள்ளவர் மேல். முன்பு யாருடைய ரகசியத்தையாவது நம்மிடம் வந்து சொன்னவரா என்று யோசித்தாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். கல்யாண வீட்டுக் கூட்டத்திலோ, சண்டைக்கு நடுவிலோ, முடிவு வந்த அன்று இரவே அழுதுகொண்டோ சொல்ல வேண்டாம். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. சொல்லாததை அடுத்த மாதமும் சொல்லலாம். ஆனால், இந்தத் தவணை துணைக்குப் பொருந்தாது.

தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குத் துணையை அழைத்துப் போய், ஆலோசகரை வைத்துக்கொண்டே பேசலாம். ஒரே தட்டில் சாப்பிடலாமா, குழந்தையைக் கொஞ்சலாமா, கொசு கடித்தால் வருமா என்று துணை கேட்கப்போகும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். துணைக்கும் அன்றே பரிசோதனை செய்துவிடலாம்.

அங்கே போகவும் தயக்கமா? தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மனம் மிகவும் உடைந்துபோன நேரத்தில் தமிழக அரசின் 104 இருக்கிறது. அழைப்பவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.