மண்டபத்தின் சாவி யாரிடம்?

மாநகராட்சி சமுதாயக் கூடம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வளைகாப்பு, காதுகுத்து, தேர்தல் நேரத்தில் பூத், கொரோனா காலத்தில் தடுப்பூசி முகாம். இப்போ அதே மண்டபத்தில் ஒரு நாள் ராத்திரி போலீஸ் வேன் வந்து நிக்குது. முப்பது நாப்பது பேரை இறக்கி உட்கார வைக்கிறாங்க. "நீ இந்தியனா, பங்களாதேஷா? நிரூபி" என்கிறாங்க. மண்டபம் மாநகராட்சியோடது. "எங்க கட்டடத்தை இதுக்குத் தரமாட்டோம்" என்று மாநகராட்சி சொல்ல முடியுமா?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2025 மே மாதம் மத்திய உள்துறை அமைச்சகம், பங்களாதேஷ், மியான்மரிலிருந்து சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று சந்தேகிக்கப்படுவோரின் ஆவணங்களை 30 நாட்களுக்குள் சரிபார்க்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. ஜூலையில் டெல்லிக்குப் பக்கத்திலிருக்கும் குருகிராமில் பொதுச் சமுதாயக் கூடங்களையே 'ஹோல்டிங் சென்டர்' ஆக்கினார்கள். வங்காளம் பேசும் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கம், அசாமைச் சேர்ந்த இந்தியர்கள் என்று தெரிந்து, பிறகு விடப்பட்டார்கள். அதற்குள் பயந்துபோய் ஊரைக் காலி செய்தவர்கள் பலர். சில பகுதிகளில் குப்பை எடுக்கவே ஆள் இல்லை என்று செய்தி வந்தது.

குருகிராம் எங்கேயோ இருக்கு, நமக்கென்னன்னு கேட்கலாம். ஜூஜூவாடியில் இருந்து சிப்காட் வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நடந்து பாருங்க. ரீசார்ஜ் கடை வாசலில் ஒடியா, இந்தி, வங்காளம், அசாமிய மொழி எல்லாம் காதில் விழும். பார்டருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் இதே கதைதான். ஷிஃப்ட் முடிஞ்சு ஒரே ரூமில் எட்டுப் பேர் தூங்குற ஆளுங்ககிட்ட ஆதார் கார்டு இருக்கும், சில சமயம் வோட்டர் ஐடி இருக்கும். பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் ஊரில் யாராவது தேடிப் பிடித்து போட்டோ எடுத்து அனுப்பணும். உங்க அப்பாவோட பிறப்புச் சான்றிதழ் உங்க வீட்டில் இருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.

சரி, கேள்விக்கு வருவோம். 'தரமாட்டோம்' என்று சொன்ன ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் சிகாகோ. 2025 அக்டோபர் 6-ஆம் தேதி அந்த நகர மேயர் பிராண்டன் ஜான்சன் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நகராட்சிக்குச் சொந்தமான பார்க்கிங் இடங்கள், காலி மனைகள், கராஜ்கள் எதையும் குடியேற்றச் சோதனைக்கு ஆட்களையும் வண்டிகளையும் திரட்டும் இடமாகவோ, பிடித்தவர்களை வைத்து விசாரிக்கும் இடமாகவோ பயன்படுத்தக் கூடாது என்றது அது. அங்கே மத்திய அரசின் குடியேற்ற அமலாக்கத் துறையை 'ஐஸ்' என்பார்கள். அதனால் இந்த உத்தரவுக்கு 'ஐஸ் இல்லாத பகுதி' என்று பெயர். நீதிமன்ற வாரண்டோடு வந்தால் இது தடுக்காது. ஐஸ் ஆட்கள் தெருவில் இறங்கி வேலை பார்ப்பதையும் தடுக்காது. 'உன் வேலையை நீ செய், என் பார்க்கிங் லாட்டில் வேண்டாம்' என்பதுதான் அதன் சாரம்.

ஒரு மேயருக்கு இந்த தைரியம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997-இல் கொடுத்த ஒரு தீர்ப்பில் இதற்கு வேர் இருக்கு. மத்திய அரசு தன் சட்டத்தை அமல்படுத்த மாநில, உள்ளூர் அதிகாரிகளை ஏவ முடியாது என்றது பிரிண்ட்ஸ் வழக்கின் தீர்ப்பு. வேடிக்கை என்னன்னா, அது குடியேற்ற வழக்கே இல்லை. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை எங்களைச் சரிபார்க்கச் சொல்லாதீர்கள் என்று இரண்டு ஷெரீஃப்கள் போட்ட வழக்கு. துப்பாக்கிக்காரர்கள் சந்தோஷப்பட்ட தீர்ப்பு இன்றைக்குப் புலம்பெயர்ந்தவர்களுக்குக் குடை பிடிக்குது. இன்னும் பின்னால் போனால் 1843 வரும். தப்பி ஓடிவந்த அடிமைகளைப் பிடிக்க எங்கள் அதிகாரிகளும் உதவக் கூடாது, எங்கள் சிறைகளையும் தரமாட்டோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் அந்த வருஷமே சட்டம் போட்டது. கட்டடத்தைத் தர மறுப்பது அங்கே பழைய பழக்கம்.

அதே உத்தரவை ஓசூர் மேயர் நாளைக்குப் போட்டால் என்ன ஆகும்? நிக்காது. நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் குடியுரிமை, அயல்நாட்டவர், நாட்டைவிட்டு வெளியேற்றுதல் எல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்கு. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கு. இதில் அமெரிக்காவுக்கு நேர் எதிராக ஒன்று: இங்கே மாநில அரசு தன் நிர்வாக அதிகாரத்தை மத்தியச் சட்டங்களுக்கு இணங்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்று 256-ஆம் பிரிவு சொல்லுது. மத்திய அரசு தன் வேலைகளை மாநிலத்திடம் ஒப்படைக்க 258-ஆம் பிரிவு வழிவிடுது. அயல்நாட்டவர் சட்ட வேலைகள் 1958-இலேயே அப்படி மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டவை. அதனால்தான் நம்ம ஊரில் இந்த வேலைக்கு வருபவர் டெல்லி அதிகாரி கிடையாது, உள்ளூர் போலீஸ்தான். 1946-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் வந்திருக்கு. அதிலும் 'நான் அயல்நாட்டவன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்ட ஆள்தான்.

உள்ளாட்சியின் நிலைமை இன்னும் மெலிசு. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. மேயரும் கவுன்சிலும் நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள். ஆனால் நிர்வாகத்தை நடத்தும் ஆணையர் மாநில அரசு நியமிப்பவர். கவுன்சில் தீர்மானத்தை ரத்து செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. மாநிலமே இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, 2021 செப்டம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நம் சட்டமன்றம் போட்ட தீர்மானத்தைப் பாருங்க. எதிர்ப்பு பதிவாச்சு, சட்டம் அப்படியே இருக்கு. அதே வருஷம் இலங்கைத் தமிழர் அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாத்தினாங்க. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அப்படி முகாம்கள் இருக்கு. பேர் மாறினாலும் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் குடியுரிமையை மாநிலத்தால் கொடுக்க முடியலை.

அப்போ உள்ளாட்சி வெறும் பார்வையாளரா? இல்லை. பக்கத்து ஊர்க் கதை ஒன்று இருக்கு. இன்ஜினியரிங் படிக்கிற நாம தெரிஞ்சுக்க வேண்டிய கதை.

2020 ஜனவரி 19, பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் கரியம்மன அக்ரஹாரா. நூற்றுக்கும் மேற்பட்ட தகரக் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அங்கே பங்களாதேஷிகள் குடியிருக்கிறார்கள் என்று முன்பே ஒரு வீடியோ சுத்திக்கிட்டு இருந்தது. இடிப்புக்கு முந்தின நாள் பெங்களூரு மாநகராட்சியின் உதவிச் செயற்பொறியாளர் ஒருவர், கொட்டகைகளை அகற்றப் பாதுகாப்பு வேண்டும் என்று போலீசுக்குக் கடிதம் எழுதியிருந்தார். வெளியே தள்ளப்பட்டவர்கள் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் காட்டினார்கள். வட கர்நாடகா, அசாம், திரிபுரா என்று எல்லாம் இந்திய முகவரிகள். மாநகராட்சித் தலைமை, நாங்கள் உத்தரவிடவில்லை என்றது. பொறியாளர் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சில நாட்களில் கர்நாடக உயர் நீதிமன்றம் மேற்கொண்டு காலி செய்வதற்குத் தடை போட்டது.

ஒரு சிவில் இன்ஜினியருக்கு யார் இந்தியர் என்று முடிவு பண்ணும் வேலை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கலை. அவரிடம் இருந்தது லெட்டர்ஹெட்டும் சீலும்தான். நடந்ததைத் தொடங்கி வைக்க அதுவே போதுமா இருந்தது. டிஎன்பிஎஸ்சி ஏஇ தேர்வுக்குப் படிக்கிற நம்ம சீனியர்கள் உட்காரப்போகும் நாற்காலிகளில் இதுவும் ஒன்று.

இங்கேதான் உள்ளாட்சிக்கு உண்மையான இடம் இருக்கு என்று நினைக்கிறேன். சிகாகோ மாதிரி 'முடியாது' என்று சொல்ல முடியாது, சரி. 'எழுத்தில் கொடு' என்று சொல்லலாம். தேர்தலுக்கு ஒரு கட்டடத்தை எடுக்க 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் வழி இருக்கு. வெள்ளம், புயல் என்றால் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இருக்கு. இரண்டுக்கும் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டாலே விண்ணப்பம், ரசீது, டெபாசிட் என்று ஆயிரம் கேட்கிறாங்க. ஆட்களை அடைத்து வைக்க ஒரு போன் கால் போதுமா? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள், எத்தனை நாள், எத்தனை பேர், பெண்களுக்குத் தனி கழிப்பறை யார் பொறுப்பு, இதெல்லாம் சாவி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள்.

இன்னொன்றும் கேட்கலாம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. மண்டபத்தில் வைத்திருப்பது 'கைது இல்லை, வெரிஃபிகேஷன்' என்று சொல்லி இதைத் தாண்டிப் போகிறார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தால் அதுக்கு என்ன பேர்? 2024 ஜூலையில் அசாம் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவரை அயல்நாட்டவர் என்று சொல்லி நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்ற முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கு. பேசும் மொழி ஓர் ஆதாரம் ஆகாது. பெங்களூரில் தமிழ் பேசியதற்காகவே 1991-இல் அடி வாங்கியவர்களின் சொந்தக்காரர்கள் ஓசூரில் நிறையப் பேர் இருக்காங்க, அவங்களைக் கேட்டுப் பாருங்க.

நகர்ப்புறங்களில் 2022 முதல் 'பகுதி சபை' கூட்டம் நடக்குது. அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போகலாம். பெரும்பாலும் சாக்கடை, தெருவிளக்குதான் பேச்சு. அடுத்த கூட்டத்துக்குப் போனா, நம்ம வார்டு சமுதாயக் கூடத்தை வாடகைக்கு அல்லாமல் வேறு யாருக்கு, எந்த உத்தரவின் பேரில் கொடுத்தீங்க, அதுக்குப் பதிவேடு இருக்கான்னு கேளுங்க. உங்க மெஸ்ஸில் வேலை பார்க்கும் அண்ணன் போனில் 15100 என்ற நம்பரையும் சேவ் பண்ணிக் கொடுங்க. இலவசச் சட்ட உதவிக்கான எண் அது, எந்த மாநிலத்துக்காரரும் கூப்பிடலாம்.