அடுத்த வீட்டில் ஒரு மின் நிலையம்



மாலை நேரம். மதுரையில் உங்கள் வீட்டில் விளக்கைப் போடுகிறீர்கள். அதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டின் மின் நிலையங்கள் யாவும் ஒரே கம்பி வலையில் இணைக்கப்பட்டுள்ளன. லோயர் கேம்ப்பில் சுழலியைச் சுற்றும் பெரியாற்று நீர், தூத்துக்குடியில் எரியும் நிலக்கரி, கமுதியில் காயும் வெயில், கூடங்குளத்தில் பிளவுறும் யுரேனியம் ஆகிய எல்லாம் அந்த வலைக்குள் மின்சாரத்தைச் செலுத்துகின்றன.

உங்கள் வகுப்பில் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். "நமக்கு இன்னும் மின்சாரம் வேண்டுமா?" என்றால் எல்லாக் கைகளும் உயரும். "உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மின் நிலையம் வரலாமா?" என்றால் எத்தனை கைகள் உயரும்? தயங்குகிறவர்களை அறியாதவர்கள் என்றோ சுயநலக்காரர்கள் என்றோ சொல்லிவிடலாமா? சற்று ஆராய்வோம்.

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் கூடங்குளம் இருக்கிறது. அங்கே அணுமின் நிலையம் அமைக்க இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1988இல் உடன்பாடு செய்துகொண்டன. 2011இல் பக்கத்து மீனவர் கிராமமான இடிந்தகரையை மையமாகக் கொண்டு பெரும் போராட்டம் எழுந்தது. 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் பல பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்து, நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் முதல் உலை மின் வலையில் இணைந்தது.

கடற்கரை மக்கள் கேட்டவற்றில் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: கதிரியக்கம் நம்மைத் தாக்குமா? மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் மனிதன் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சைப் பெறுகிறான். அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரும் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே மிகுதி. அங்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஆகவே "கதிரியக்கம் உண்டா?" என்று கேட்பதைவிட "எவ்வளவு?" என்று கேட்பதே பயன் தரும்.

இரண்டாவது கேள்வி: கடல் சூடாகி மீன் போய்விடுமா? இது நல்ல இயற்பியல் கேள்வி. கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் 1,000 மெகாவாட்தான் மின்சாரமாகிறது. மீதி 2,000 மெகாவாட் கடலுக்குப் போகிறது. இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி.

இரண்டு உலைகளுக்கும் சேர்த்து நொடிக்கு 400 கோடி ஜூல் வெப்பம் கடலுக்குச் செல்லும். கடல்நீரின் வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது என்பது கடலோர மின் நிலையங்களுக்கான நம் நாட்டு விதி. ஒரு கிலோகிராம் கடல்நீரை 7 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 28,000 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 143 டன் நீர்! பெரிய தண்ணீர் லாரிகள் பன்னிரண்டு கொள்ளும் நீர் இது. இதனால் கடல் முழுவதும் சூடாகிவிடாது. ஆனால் நீர் வெளியேறும் வாயிலுக்கு அருகே மீன்குஞ்சுகளுக்கு என்ன ஆகும் என்பதை ஆண்டுதோறும் அளந்துதான் சொல்ல முடியும். மீனவர் கேட்டது அறியாமைக் கேள்வி அன்று.

மூன்றாவது கேள்வி: விபத்து நேர்ந்தால்? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட கரை அது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் இன்னொரு பேரலை மின்னாக்கிகளை மூழ்கடித்தது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினர். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஒரு தாய் தன் பிள்ளையை எண்ணி அஞ்சியதில் வியப்பு என்ன?

அச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1969இல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் அதை ஆராய்ந்தார். பிறர் தம்மீது சுமத்தும் ஆபத்தைவிட, தாமே விரும்பி மேற்கொள்ளும் ஆபத்தை மக்கள் ஏறத்தாழ ஆயிரம் மடங்குவரை பொறுத்துக்கொள்வர் என்று அவர் மதிப்பிட்டார். ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் பறக்கிறவரே, தம் தெருவில் ஓர் ஆலை வருகிறது என்றால் மனு எழுதுவார். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் முதல் ஆபத்தில் முடிவு அவர் கையில் இருக்கிறது; இரண்டாவதில் இல்லை.

கதிரியக்கமும் புகையும் இல்லாத சூரிய மின் நிலையத்தைப் பாருங்கள். மதுரையிலிருந்து 60 கிலோமீட்டர் தாண்டிக் கமுதி அருகே 2016இல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. அதன் பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். அங்கே கேள்விகள் வேறு: ஆடு மேய்ந்த நிலம் என்னாகும்? பலகைகளில் படியும் புழுதியைக் கழுவும் நீர் எங்கிருந்து வரும்? வறண்ட சீமையில் இவை சிறிய கேள்விகள் அல்ல.

இப்போது புதிய அண்டைவீட்டுக்காரர் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். அவர் பெயர் டேட்டா சென்டர், அதாவது தரவு மையம். உங்கள் கைப்பேசியில் ஓடும் படங்களையும் செய்திகளையும் சேமித்து வைக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் அடங்கிய கட்டடம் அது. சென்னையில் அம்பத்தூர், சிறுசேரிப் பகுதிகளில் அவை இயங்குகின்றன. தமிழக அரசு 2021இல் இதற்கென ஒரு கொள்கையும் வெளியிட்டது.

நாளை மதுரைச் சமவெளியில் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிடும். 1 மெகாவாட் என்பது இரவும் பகலும் எரியும் ஆயிரம் இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சமம். அந்த வெப்பத்தை நீரை ஆவியாக்கியே வெளியேற்றினால், ஒரு கிலோகிராம் நீர் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். கணக்கிட்டால் நாளொன்றுக்கு 36,000 லிட்டர், அதாவது மூன்று லாரித் தண்ணீர்! பெரிய மையங்கள் பத்துக்கணக்கான மெகாவாட்டில் இயங்குபவை. காற்றினால் குளிர்விக்கலாம், அப்போது நீர் மிச்சமாகும், மின்சாரம் கூடும். மணல் தெரியும் வைகையைத் தினமும் பார்க்கிற நாம் இதைக் கேட்காமல் இருக்கலாமா?

அறிவியல் படித்தவருக்கு இங்கே இரண்டு கடமைகள் உண்டு. அச்சத்தைக் கண்டால் சிரிக்காமல், அதை "எவ்வளவு? எவ்வளவு தூரத்தில்? எத்தனை காலம்?" என்று அளக்கக்கூடிய கேள்வியாக மாற்ற வேண்டும், அளந்ததை மறைக்காமல் ஊராருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இது முதல் கடமை. எண் மட்டும் போதாது என்பதை உணர்வது இரண்டாவது. ஒளி ஓர் ஊருக்கும் ஆபத்து வேறோர் ஊருக்கும் என்றால், ஆபத்து எத்தனை சிறியதானாலும் அந்த ஊரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களில் சிலர் நாளை மின் நிலையம் கட்டும் பொறியாளர் ஆவீர்கள். சிலர் அதன் பக்கத்தில் குடியிருப்பீர்கள். இன்றிரவு விளக்கை அணைக்கும்போது கூடங்குளத்துக் கரையையும் கமுதிக் காட்டையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.