பிள்ளைநல ஆராய்ச்சியும் பொதுத் தரவுக் காப்பும்

யாழ்ப்பாணத்துத் தோட்ட நிலங்களிலே பங்குக் கிணறு என்பது பழைய ஏற்பாடு. கிணறு ஒன்று, பங்காளர் பலர். ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. முறை தவறி இறைப்பதற்கோ, நீரைப் பழுதாக்குவதற்கோ எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளைகளின் உடல்நலத் தரவுகளைப் பல நிறுவனங்கள் கூடி ஆராய்வதற்கு வேண்டிய ஒழுங்கும் ஏறக்குறைய இத்தகையதே. அதன் இயல்பை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

இலங்கையிலே பிள்ளைநலக் குறிப்புக்களுக்குப் பஞ்சமில்லை. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்ட காலந்தொட்டு, மருத்துவமாதர் வீடுதோறும் சென்று தாய்சேய் நலம் பேணும் முறை வளர்ந்து வந்துள்ளது. தெல்லிப்பழையிற் பிறக்கும் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பிறப்பு நிறை ஆதார வைத்தியசாலையின் ஏட்டிற் பதியப்படுகின்றது. பின்னர் காணும் நிறையும், இடப்படும் தடுப்பூசிகளும் தாயின் கையிலுள்ள வளர்ச்சிப் பதிவேட்டிலும் மருத்துவமாதின் ஏட்டிலும் இடம்பெறுகின்றன. பள்ளி சேர்ந்தபின் சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவினர் நடத்தும் பரிசோதனையின் முடிபுகள் வேறோர் ஏட்டிற் சேர்கின்றன.

இனி, 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறந்த பிள்ளைகள் பள்ளி செல்லும் வயதில் ஏனையோருக்கு ஒப்ப வளர்ந்துவிடுகின்றனரா என ஆராய்ச்சியாளர் ஒருவர் வினாவுகின்றார் எனக் கொள்வோம். விடை பல ஏடுகளிற் சிதறிக் கிடக்கின்றது. அவை இணைந்தாலன்றி அது புலப்படாது. தாயின் கையேட்டை மட்டும் நம்பியிருத்தலும் போதாது. வீட்டை இழந்தோர் ஏட்டையும் இழப்பர் என்பதை 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயின், இணைப்பிலே தீங்கும் உண்டு. பெயரை நீக்கிவிட்டால் ஆளை மறைத்துவிடலாம் எனப் பலர் எண்ணுவர். சிற்றூர்களுக்கு இது பொருந்தாது. பிறந்த திகதி, கிராம சேவையாளர் பிரிவு, அரிய நோயொன்றின் பெயர் என்னும் மூன்றும் தெரிந்தால், அது யாருடைய பிள்ளை என்பதை அயலவர் கணப்பொழுதில் உரைத்துவிடுவர். இன்று பதியப்படும் வலிப்பு நோய், இருபது ஆண்டுகளின் பின் கலியாணப் பேச்சிலே தடையாக எழக்கூடும். தனக்கென ஒப்புதல் கூறும் வயது வாராத பிள்ளைக்கு இத்தீங்கை விளைத்தல் அறமாகாது.

ஆகவே, திட்டமிடுவோர் நான்கு விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, பெயரும் முகவரியும் ஓரிடத்திலும் நோய்க் குறிப்புக்கள் பிறிதோரிடத்திலும் இருத்தல். இரண்டையும் பொருத்தும் இரகசியக் குறியீட்டை ஆராய்ச்சியிற் பங்குகொள்ளாத ஒருவர் காத்தல். இரண்டாவது, திகதிக்குப் பதிலாக ஆண்டையும், ஊருக்குப் பதிலாக மாவட்டத்தையும் தருதல்; மிகச் சிறிய எண்ணிக்கைகளை வெளியிடாதிருத்தல். மூன்றாவது, ஆராய்ச்சியாளர் தரவைப் பிரதிசெய்து கொண்டு செல்லாது, காவலுள்ள கணினியிலேயே ஆராய்ந்து முடிபுகளை மட்டும் பெறுதல். எவர் எதனைப் பார்த்தார் என்பது பதியப்படுதல். நான்காவது, எந்நோக்கத்துக்கு எனப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கி ஒப்புதல் பெறுதல். பிள்ளை வளர்ந்தபின் அதனை மீட்டுக்கொள்ளும் உரிமை அளித்தல்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் சிறப்புக் காப்புக்குரிய வகைகளுள் வைத்துள்ளது. எனினும், சட்டம் மட்டும் நம்பிக்கையைப் பிறப்பிக்கமாட்டாது. ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், பிறந்த குழந்தைகளின் குதிக்காலிலிருந்து நோயறிதற்கு எடுத்த குருதித்துளிகள், பெற்றோரின் ஒப்புதலின்றி ஆராய்ச்சிக்கெனச் சேமிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டில் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர்; அதன் பயனாக ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் அழிக்கப்படலாயின. முன்னரே கேட்டிருந்தாற் பெற்றோர் பலர் இசைந்திருக்கவும் கூடும். கேளாமையால் அறிவுச் செல்வமும் அழிந்தது, நம்பிக்கையும் அழிந்தது.

எனவே, காப்பு என்பது ஆராய்ச்சிக்கு இட்ட தடை அன்று. அதன் அடித்தளமே ஆகும். மருத்துவமாதிடம் மறையாது உண்மை கூறும் தாயே இவ்வாராய்ச்சி அனைத்துக்கும் ஊற்றுக்கண். அவள் ஐயுற்று வாய் மூடுவாளாயின், எத்துணைச் சிறந்த கணினியும் வற்றிய கிணறே ஆகும்.