விற்ற மகிழுந்தும் மாறாத பெயரும்

நுழையுமுன்

ஒரு பொருளை விற்றுப் பணம் பெற்றுக்கொண்டால் விற்பனை முடிந்துவிட்டது என்று கருதுவது இயல்பு. மேசை, மிதிவண்டி போன்ற பொருள்களுக்கு அது பொருந்தும். மகிழுந்துக்குப் பொருந்தாது. அரசின் பதிவேட்டில் பெயர் மாறும் வரை, விற்றவரே அதன் உரிமையாளராகச் சட்டத்தின் முன் நிற்கிறார். பழைய மகிழுந்தை விற்கும்போது ஆவணங்களை முறையாக மாற்றுவது எவ்வாறு, மாற்றாவிட்டால் என்ன நேரும் என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. இரண்டு வகை உரிமை

நிலத்தை வாங்குபவர் பத்திரம் பதிவு செய்வதோடு நின்றுவிடுவதில்லை. தமிழ்நாட்டில் பட்டாவில் பெயர் மாற்றுகிறார். கேரளத்தில் ‘போக்குவரவு’ செய்து வரி செலுத்துகிறார். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே நடந்ததை அரசின் ஏடும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

மகிழுந்துக்கும் இதே நெறி உண்டு. அசையும் பொருளின் உரிமை, விற்பவரும் வாங்குபவரும் செய்துகொள்ளும் உடன்பாட்டின்படி கைமாறுகிறது. இதை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கூறுகிறது. ஆனால் சாலையில் ஓடும் ஊர்தியால் பிறருக்கும் தீங்கு நேரலாம். அடிபட்டவர், ஊர்தி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தேடி அலைய முடியாது. ஆகவே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(30)இல், எவர் பெயரில் ஊர்தி பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர் என்று வரையறுக்கிறது. தவணைக் கொள்முதல் போன்ற சில நிலைகளுக்கு மட்டும் அங்கு விலக்கு உண்டு.

2. உச்ச நீதிமன்றம் கூறிய தீர்வு

இவ்வரையறையின் வலிமையை உணர்த்தும் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வழங்கியது. வட இந்தியாவில் ஒருவர் தம் மகிழுந்தை 2007 ஜூலையில் விற்று, ஊர்தியையும் ஆவணங்களையும் ஒப்படைத்தார். வாங்கியவர் அதனை 2008இல் வேறொருவருக்கு விற்றார். அதன் பின்னும் அது கைமாறியது. ஒருவரும் பதிவேட்டில் பெயரை மாற்றவில்லை.

2009 மே 27 அன்று மாலை, ஒரு பெண்மணி தம் உறவினருடன் தெருவில் நடந்து சென்றார். பின்னோக்கி இயக்கப்பட்ட அம்மகிழுந்து அவர்கள் மீது மோதியது. உடன் சென்ற உறவினர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். இழப்பீட்டை யார் தருவது என்ற வினா எழுந்தது. ஊர்தியை இறுதியாக வைத்திருந்தவரே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் கூறியது. மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை ஏற்கவில்லை. பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர்; எனவே அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பெயர் மாற்றாத கைமாற்றங்களின் நீண்ட தொடரைப் பின்தொடர்ந்து செல்லும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் மீது ஏற்றலாகாது என்பது அதன் கருத்து.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்தியைப் பிரிந்தவர், தாம் ஓட்டாத, தாம் காணாத ஒரு விபத்துக்குப் பொறுப்பாளியானார். இதற்குக் காரணம், நிறைவு செய்யப்படாத ஆவணமே.

3. திருவனந்தபுரத்தில் விற்கும்போது

திருவனந்தபுரம் நகரின் ஊர்திகள் ‘கே.எல். 01’ என்னும் எண்ணைத் தாங்குகின்றன. அதே மாவட்டத்தில் கழக்கூட்டத்துக்குக் ‘கே.எல். 22’, நெய்யாற்றின்கரைக்குக் ‘கே.எல். 20’, நெடுமங்காட்டுக்குக் ‘கே.எல். 21’ என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. பட்டத்தில் வாழும் ஒருவர் தம் மகிழுந்தைக் கழக்கூட்டத்தில் வாழும் ஒருவருக்கு விற்கிறார் எனக் கொள்வோம். மாநிலம் ஒன்றே என்பதால் ஊர்தியின் எண் மாறாது. உரிமையாளர் பெயரும் முகவரியும் மட்டும் மாறும்.

இதற்குரிய இரு படிவங்கள், 1989ஆம் ஆண்டின் மைய மோட்டார் வாகன விதிகளில் தரப்பட்டுள்ளன. படிவம் 29 என்பது, ஊர்தியை இன்னாருக்கு மாற்றிவிட்டேன் என்று விற்பவர் தரும் அறிவிப்பு. படிவம் 30 என்பது, பெயர் மாற்றம் கோரும் விண்ணப்பம். இதில் இருவரும் கையொப்பமிடுகின்றனர்.

காலக்கெடுவைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு வகுத்துள்ளது. மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, அதன் படியை வாங்குபவருக்கும் அனுப்ப வேண்டும். வாங்குபவர் 30 நாள்களுக்குள் தாம் வாழும் பகுதியின் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடமை இருவருக்கும் உண்டு என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். “வாங்கியவர் பார்த்துக்கொள்வார்” என்று விற்பவர் இருந்துவிட முடியாது.

பதிவுச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்றிதழ், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ், வரி செலுத்திய விவரம், அடையாள, முகவரிச் சான்றுகள் ஆகியன விண்ணப்பத்துடன் தேவைப்படும். மைய அரசின் ‘பரிவாகன்’ இணையதளத்தின் வழியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம். அப்போது பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண்ணுக்கு ஒருமுறைக் கடவு எண் வரும். ஆகையால் பழைய, பயன்பாட்டில் இல்லாத எண் பதிவாகியிருப்பின் அதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.

4. கடன் நிலுவை இருந்தால்

வங்கிக் கடனில் வாங்கிய மகிழுந்தின் பதிவுச் சான்றிதழில் கடன் தந்த நிறுவனத்தின் பெயரும் இடம்பெறும். அந்நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவின்றிப் பெயர் மாற்றம் செய்ய இயலாது. கடனை அடைத்ததும் வங்கி தடையின்மைக் கடிதமும் படிவம் 35உம் தரும். அவற்றைப் பதிவு அலுவலகத்தில் அளித்துக் கடன் குறிப்பை நீக்க வேண்டும். கடன் அடைந்துவிட்டாலும் குறிப்பு தானாக நீங்கிவிடும் என்று இருந்துவிடலாகாது. பல ஆண்டுகள் கழித்து விற்க முயலும்போதே சிலர் இதை அறிகின்றனர்.

5. எல்லை தாண்டும் மகிழுந்து

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் பலருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உறவினர் உண்டு. பட்டத்திலுள்ள மகிழுந்தை மார்த்தாண்டத்தில் வாழும் உறவினர் வாங்குவதாயின் நடைமுறை சற்று நீளும். தொலைவு குறைவே எனினும் இடையில் மாநில எல்லை உள்ளது.

முதலில் கேரளப் பதிவு அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அதை வழங்குமுன், ஊர்தி திருடப்பட்டதாக வழக்கு இல்லை என்ற காவல்துறை அறிக்கையை அலுவலகம் பெறும்; வரி நிலுவை உள்ளதா என்றும் பார்க்கும். பிற மாநிலத்துக்கு விற்பவர் 45 நாள்களுக்குள் இச்சான்றுடன் தெரிவிக்க வேண்டும். பின்னர் வாங்கியவர் தமிழ்நாட்டில் வரி செலுத்தி, அங்குள்ள பதிவெண்ணைப் பெறுவார்.

மைய அரசுப் பணியில் இருப்போர் அடிக்கடி மாறுதலாகிச் செல்வர். ஊர்தியை விற்காமல் உடன் கொண்டு சென்றாலும், வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும். இத்தகையோருக்கென 2021இல் ‘பி.எச்.’ வரிசைப் பதிவெண் அறிமுகமாயிற்று.

6. காப்பீடு யாருக்கு?

மூன்றாம் நபர் காப்பீடின்றி ஊர்தியைச் சாலையில் ஓட்டலாகாது. ஊர்தி கைமாறும்போது இக்காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டத்தின் 157ஆம் பிரிவு கருதுகிறது. ஆயினும் வாங்கியவர் 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்ற வேண்டும். மகிழுந்துக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அவ்வாறு தானாக மாறுவதில்லை. பெயர் மாற்றாத நிலையில் வண்டி சேதமானால், இழப்பீட்டை நிறுவனம் மறுக்கக்கூடும்.

கோரிக்கை எழாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை, வண்டிக்கு உரியதன்று. அதன் உரிமையாளருக்கு உரியது. விற்பவர் அதற்கான கடிதத்தைப் பெற்று, தம் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

7. வெற்றுப் படிவத்தில் கையொப்பம்

விற்பவர் செய்யும் பிழைகளுள் பெரியது, வாங்குபவர் பெயர் எழுதப்படாத படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுப்பது. இடைத்தரகர் அப்படிவத்தை வைத்துக்கொண்டு, பொருத்தமான ஆள் வரும்வரை ஊர்தியைப் பலரிடம் கொடுத்து வாங்கலாம். அக்காலம் முழுவதும் பதிவேட்டில் இருப்பது விற்றவர் பெயரே.

இக்குறையை நீக்க மைய மோட்டார் வாகன விதிகள் 2022 டிசம்பரில் திருத்தப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய ஊர்திகளை வாங்கி விற்கும் வணிகர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். ஊர்தி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை அவ்வணிகர் மின்வழியில் தெரிவிக்க வேண்டும். அது முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வணிகரிடம் விற்பவர், அவரிடம் அங்கீகாரச் சான்று உள்ளதா என்பதையும், ஒப்படைப்பு அறிவிப்பு பதிவானதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. கேமராவின் கண்ணில்

விபத்து அரிது, அபராதச் சீட்டு அரிதன்று. ‘பாதுகாப்பான கேரளம்’ திட்டத்தின் கீழ் மாநிலச் சாலைகளில் 726 கேமராக்கள் நிறுவப்பட்டு, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கப்படுகிறது. கேமரா ஓட்டுநரின் பெயரை அறியாது. எண் பலகையைப் படித்து, பதிவேட்டில் உள்ள முகவரிக்கே அறிவிப்பு செல்லும். இருக்கைப் பட்டை அணியாமல் யாரோ ஓட்டியதற்கு, என்றோ விற்றவர் வீட்டுக்கு அறிவிப்பு வரும்.

சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கும் இது பொருந்தும். கண்ணாடியில் ஒட்டிய ‘பாஸ்டேக்’ விற்றவரின் கணக்கோடு இணைந்திருக்கும். அதை மூடாமல் விட்டால், வாங்கியவர் திருவல்லம் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் விற்றவரின் பணமே கழியும்.

9. உரிமையாளர் இறந்துவிட்டால்

பதிவு பெற்றவர் இறந்துவிட்ட நிலையில், குடும்பத்தார் அவ்வண்டியை உடனே பிறருக்கு விற்க இயலாது. முதலில் வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். இறந்த 30 நாள்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், வாரிசு மூன்று மாதம் வரை ஊர்தியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றம் கோர வேண்டும்.

10. விற்பவர் நினைவில் கொள்ள வேண்டியவை

• வாங்குபவரின் பெயரும் முகவரியும் எழுதப்பட்ட பின்னரே படிவங்களில் கையொப்பமிட வேண்டும்.
• நிலுவையில் உள்ள அபராதங்களையும் வரியையும் செலுத்தி முடிக்க வேண்டும்.
• ஊர்தியை ஒப்படைத்த நாளும் நேரமும் குறித்த ஒப்புகைச் சீட்டில் வாங்குபவரின் கையொப்பத்தைப் பெற வேண்டும்.
• எல்லா ஆவணங்களுக்கும் படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.
• சில வாரங்களுக்குப் பின், ஊர்தி எண்ணைக் கொண்டு இணையதளத்தில் பெயர் மாறியதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லையெனில் பதிவு அலுவலகத்தை அணுக வேண்டும்.

வாங்குபவரும் வாளாவிருத்தல் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட எண்ணும் பொறி எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்துள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் புதுப்பிக்க வேண்டும். எனவே பழைய வண்டியை வாங்குவோர், பதிவு முடியும் நாளையும் பார்த்தே விலை பேச வேண்டும்.

சொற்பொருள்

கைமாற்றம் – ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லுதல்
நிலுவை – செலுத்தப்படாமல் எஞ்சியுள்ள தொகை
இசைவு – ஒப்புதல்
அடிச்சட்டம் – ஊர்தியின் உடற்பகுதியைத் தாங்கும் அமைப்பு
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்

பயிற்சி

அ. குறுவினா
1. மோட்டார் வாகனச் சட்டம் யாரை உரிமையாளர் என்று கூறுகிறது?
2. படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றின் வேறுபாடு யாது?
3. மாநிலத்துக்குள் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உரிய காலக்கெடு எவ்வளவு?

ஆ. சிறுவினா
1. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் விற்றவர் பொறுப்பாளியானது ஏன்?
2. திருவனந்தபுரத்து மகிழுந்தை மார்த்தாண்டத்தில் உள்ளவர் வாங்கினால் மேற்கொள்ள வேண்டிய படிநிலைகளை எழுதுக.

இ. சிந்தனை வினா
தம் மகிழுந்தை விற்கும் அண்டை வீட்டுப் பெரியவர், வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட முனைகிறார். அவருக்குப் பணிவுடன் விளக்கும் உரையாடல் ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.